தமிழ் மெயிலை உங்கட லப்டொப்பிலேயே சோதிப்பது எப்படி

மருதமுனையில் கைத்தறிச் சேலையும் சாரமும் விற்கிற கடையொன்றுக்கு ஓடர் எடுக்கிற தளம் எழுதுகிறேன். ஓடர் விழுந்ததும் வாடிக்கையாளருக்குத் தமிழில் ஒரு மெயில் போக வேண்டும். கடைக்கார நானா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, சோதிக்கிறெண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு மெயிலும் போயிரப்படா." நியாயமான பேச்சு. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படித்துவிட்டு முதல் வேலையில் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக, கல்லடியில் வீட்டிலிருந்து நான் இதைச் செய்கிற முறையை எழுதுகிறேன்.

மெயில்பிட்டை இறக்குங்க. வரும் மெயிலை வெளியே விடாமல் பிடித்து வைத்துக் காட்டுகிற சோதனை மெயில் சேர்வர் அது. பழைய பாடங்களில் மெயில்ஹொக் என்று இருக்கும், ஆனால் அதற்கு 2020க்குப் பிறகு புது வெளியீடு இல்லை. மெயில்பிட் ஒரே ஒரு கோப்பு. ஓடவிட்டால் 1025 ஆம் போர்ட்டில் மெயிலை வாங்கும், 8025இல் பிரவுசரில் காட்டும். நீங்களாக ரிலே (வேறு சேர்வருக்குக் கடத்தும் வழி) அமைக்காதவரை எதையும் வெளியே அனுப்பாது. இன்டர்நெட்டும் தேவையில்லை, டேட்டா முடிந்த இரவிலும் வேலை நடக்கும். இயல்பாக அது எல்லா நெட்வேர்க் முகவரிகளிலும் காதைத் திறந்து வைத்திருக்கும். வீட்டில் அது வசதிதான், அதே வைஃபையில் உள்ள ஃபோனிலும் மெயிலைத் திறந்து பார்க்கலாம். பொது வைஃபை என்றால் 127.0.0.1க்கு, அதாவது உங்கட லப்டொப்புக்கு மட்டும் கட்டிவிடுங்க.

சோதனை முகவரிகள் எல்லாம் எக்ஸாம்பிள் டொட் கொம்மில் இருக்கட்டும். அந்த டொமைன் உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. செட்டிங் எப்போதாவது மாறிப்போனாலும் அந்த மெயில் எந்த மனிசர் கையிலும் சேராது.

உங்கட புரோகிராமைத் தொடமுதல், சேர்வரோடு நேரே கதைத்துப் பாருங்க. டெல்நெட்டில் லோக்கல்ஹோஸ்ட் 1025க்குப் போனால் 220 என்று தொடங்கும். ஈஎச்எல்ஓ என்ற வணக்கக் கட்டளையை அனுப்பினால் தனக்குத் தெரிந்த வசதிகளை 250 போட்டு வரிசையாகச் சொல்லும். பிறகு அனுப்புநர், பெறுநர், இரண்டுக்கும் 250. டேட்டா என்ற கட்டளைக்கு 354, அதாவது "சொல்லு, கேட்கிறேன்". மெயிலை எழுதி, தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் மறுபடி 250. முதல் இலக்கம் 4 என்றால் பிறகு முயற்சி செய், 5 என்றால் இனி முயற்சிக்காதே. கையால் அடித்த மெயில் போய், உங்கட புரோகிராம் அனுப்புவது போகாவிட்டால், சேர்வரைக் குடைவதில் பயனில்லை. புரோகிராமையே இந்த உரையாடலைக் காட்டச் சொல்லுங்க: பைதனின் எஸ்எம்டிபிலிப்பில் டீபக் லெவல் 1, பிஎச்பிமெயிலரில் எஸ்எம்டிபிடீபக் 2, நோட்மெயிலரில் லொகரும் டீபக்கும் ட்ரூ.

அதில் வரும் பிழைகள் பெரும்பாலும் பழகிய முகங்கள்தான். 'கனெக்‌ஷன் ரிஃபியூஸ்ட்' என்றால் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. டைம்அவுட் என்றால் வழியில் எங்கோ ஃபயர்வோல் விழுங்குகிறது. 'ரோங் வேர்ஷன் நம்பர்' வந்தால், மறைகுறியாக்கம் இல்லாத போர்ட்டில் டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு) கதைக்கிறீர்கள், நோட்மெயிலரில் செக்கியூர் என்ற செட்டிங்கை ஃபோல்ஸ் ஆக்குங்க. டொக்கரில் தளம் ஒரு கொன்டெய்னரிலும் (தனியாக ஓடும் பெட்டி) மெயில்பிட் இன்னொன்றிலும் இருந்தால் லோக்கல்ஹோஸ்ட் வேலை செய்யாது. கொன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கொன்டெய்னரேதான், ஆகவே கொம்போஸ் கோப்பில் வைத்த சேர்விஸ் பெயரைக் கொடுங்க. லாராவெலில் எல்லாம் திருத்தியும் பழைய பிழையே வந்தால், வரிசையில் நிற்கும் மெயில்களை அனுப்புகிற கியூ வேர்க்கரை மறுபடி தொடங்குங்க. அது பழைய செட்டிங்கை நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது.

மெயில் போய்ச் சேர்வதோடு முக்கால்வாசிப்பேர் நிறுத்திவிடுகிறார்கள். நம்மட மொழிக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வருகிறது.

மெயில் தலைப்பு பழைய விதிப்படி ஆங்கில எழுத்துகளில்தான் பயணிக்கும். தமிழ்த் தலைப்பை பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக மாற்றித் துண்டு துண்டாக வைக்கிறார்கள். ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் வரும் குறிகள் 12 போக மிச்சம் 63, பேஸ்64 நான்கு நான்காகப் போவதால் 60, அதாவது 45 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக ஒரு துண்டில் 15 குறியீடுதான் கொள்ளும். "உங்கள்" என்ற சொல்லே 6 குறியீடு: உ, ங, புள்ளி, க, ள, புள்ளி. "உங்கள் கைத்தறிச் சேலை அனுப்பப்பட்டது" எப்படியும் பல துண்டாகும். சரியான லைப்ரரி குறியீட்டு எல்லையில் வெட்டும். கையால் எழுதிய புரோகிராம் பைட் எண்ணி நடுவில் வெட்டும், பார்ப்பவருக்குக் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். ஆங்கிலத் தலைப்போடு சோதித்தால் இது ஒருநாளும் வெளியே வராது. அதனால் என் சோதனைத் தலைப்புகள் எல்லாம் நீளமானவை, உள்ளே "ஸ்ரீ" இருக்கும்: பார்க்க ஒரே எழுத்து, உள்ளே 4 குறியீடு, 12 பைட். மெயில்பிட்டில் மூலத்தைத் திறந்து துண்டுகளை ஒவ்வொன்றாக டீகோட் செய்து பாருங்க. எந்தத் துண்டும் தனியே முழுசாக வர வேண்டும்.

நீளமான பொருட்பெயரைச் சுருக்கும் இடமும் இப்படித்தான். பிஎச்பியின் சப்ஸ்டர் பைட் எண்ணி வெட்டும். எம்பி-சப்ஸ்டர் குறியீடு எண்ணி வெட்டும், அதைவிட நல்லது, ஆனால் "சேலை"யை மூன்று குறியீட்டில் வெட்டினால் "சேல" என்று விட்டுவிடும். கிராஃபீம்-சப்ஸ்டரைப் பாவியுங்க, எழுத்து முழுசாக நிற்கும். ஒரு வாடிக்கையாளரின் பெயர் உடைந்து போவதை நான் சின்னப் பிழையாக எடுப்பதில்லை.

தோல்வியையும் ஒத்திகை பாருங்க. மெயில்பிட்டில் கேயொஸ் என்ற வசதியை இயக்கினால், கேட்ட இலக்கத்தில் மறுப்புச் சொல்லும். 451 கொடுத்தால் கியூ கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும், ஓடர் இரண்டாகப் பதியக் கூடாது. 550 கொடுத்தால் முயற்சியை நிறுத்தி, "இந்த முகவரி பிழை" என்று கடைக்குத் தெரிய வேண்டும். தானியங்கிச் சோதனையில் முதலில் ஏபிஐ மூலம் பெட்டியைக் காலி செய்து, ஓடர் போட்டு, சரியாக ஒரு மெயில் கிடக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையில் உங்கட டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் இரண்டு முறைகள்), ஸ்பாமில் விழுமா என்பதெல்லாம் லப்டொப்பில் பார்க்க முடியாது. அதற்கு உண்மையான டொமைனிலிருந்து உங்கட சொந்த ஜிமெயிலுக்கு மட்டும் ஒன்று அனுப்பி, மூல மெயிலைக் காட்டும் பக்கத்தில் இரண்டுக்கும் பாஸ் என்று வருகிறதா என்று பாருங்க. அது வந்த பிறகுதான் நானாவின் வாடிக்கையாளர் பட்டியலைத் தளத்தில் ஏற்றுவேன்.