தலைக்காயத்துக்குப் பின் வரும் வலிப்பு: குமரியில் இருந்தபடி ஆய்வு நிதியும் வழிகாட்டியும் பெறுவது எப்படி

விண்ணப்பத்தைத் தொடும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். மூளை கன்றிப்போதல், மண்டையோட்டுக்குள் ரத்தக்கட்டு, 24 மணி நேரத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடத்தல், இவற்றில் ஒன்று இருந்தால் அது கடும் காயம். அப்படிக் காயம்பட்டவர்களில் ஐந்து ஆண்டுக்குள் வலிப்பு வந்தவர்கள் சுமார் 10 சதவீதம். நடுத்தரக் காயத்தில் 1.2, லேசான காயத்தில் 0.7. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு பகுதி மக்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 1998-இல் வெளியிட்ட எண்கள் இவை.

ஆய்வுக்கு 50 வலிப்பு நோயாளிகள் வேண்டுமென்றால் கடும் காயம்பட்ட 500 பேரை ஐந்து ஆண்டு பார்க்க வேண்டும். ஐந்தில் ஒருவர் தொடர்பறுந்து போவார் என்று வைத்தால் 625 பேர். ஆய்வுக்கான நிதிக்கொடையோ பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குத்தான். “இன்று முதல் சேர்த்து மூன்று ஆண்டு பின்தொடர்வோம்” என்று எழுதிய விண்ணப்பம் இந்த ஓரிடத்திலேயே கவிழும். மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆகவே பழைய பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். மூன்று, நான்கு ஆண்டுக்கு முன் தலைக்காயத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்களை இன்று தேடிப் பிடித்து, இன்னும் இரண்டு ஆண்டு பின்தொடருங்கள். மூன்றாண்டுக் கொடைக்குள் ஐந்தாண்டு நோய் அடங்க வேறு வழி இல்லை. நெறிமுறைக் குழு அனுமதி கையில் வந்த பிறகே யாரையும் அழைக்க வேண்டும்.

குமரிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மார்த்தாண்டம் பக்கம் பைக்கில் விழுந்தவரும் தென்னையிலோ பனையிலோ இருந்து விழுந்தவரும் சிலர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வருவார்கள், சிலர் நேரே திருவனந்தபுரம் போய்விடுவார்கள். ஒரே நோயாளியின் முதல் சிடி ஸ்கேன் ஒரு மாநிலத்தில், அறுவை சிகிச்சைக் குறிப்பு இன்னொன்றில், வலிப்பு வந்தபோது பார்த்த மருத்துவர் குலசேகரத்தில் என்று ஆவணம் சிதறிக் கிடக்கும். இரு மாநில மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழு அனுமதியையும் முதல் மூன்று மாத வேலையாகத் திட்டத்தில் காட்டுங்கள். ஒப்புதல் படிவம் தமிழோடு மலையாளத்திலும் இருக்க வேண்டும். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் மலையாளம் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. காயத்தின்போது உறவினர் தந்த ஒப்புதல் போதாது. நோயாளிக்கு நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும்.

தொலைபேசியில் “உங்களுக்கு வலிப்பு வந்ததா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-லேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. வேன் ஓட்டிப் பிழைப்பவர் வாய் திறக்க மாட்டார். கல்யாணமாகாத பெண்ணின் வீட்டிலும் அப்படித்தான். நோயின் பெயரைச் சொல்லாமல், கூட உறங்குபவரிடம், வீட்டுப் பேச்சில் கேளுங்கள்:

“அம்மா, அவருக்கு ஒறக்கத்துல கை காலு வெட்டி இழுக்கதுண்டா?”
“காலத்த எழும்பும்போ தலையணையில ரத்தம் இருந்ததுண்டா, நாக்கு கடிச்ச மாதிரி?”
“பேசிட்டு இருக்கும்போ கண்ணு நெலகுத்தி, கூப்பிட்டா கேக்காம இருந்ததுண்டா?”

ஒன்றுக்கு “உண்டு” என்றாலும் நேரில் வரச்சொல்லி இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுங்கள். வந்துபோகும் பேருந்துச் செலவையும் ஒருநாள் கூலியையும் வரவு செலவில் தனி வரியாகப் போடுங்கள். அதை விட்டால் இழப்பு 20 சதவீதத்தோடு நிற்காது.

காயம்பட்டு ஏழு நாளுக்குள் வந்த வலிப்பை முன்வலிப்பு என்று தனியே குறியுங்கள். அதற்குப் பிறகு, வேறு தூண்டுதல் இல்லாமல் வருவதே நீங்கள் தேடும் நோய். ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து முதல் வாரத்து வலிப்பைக் குறைக்கிறது, பின்னால் வருவதைத் தடுப்பதில்லை என்பது 1990-இலேயே, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வில் தெரிந்துவிட்டது. இருந்தும் வீட்டுக்குப் போன பின் மாதக்கணக்கில் அதை விழுங்குபவர்கள் உண்டு. எந்த மருந்து, எத்தனை நாள் என்ற விவரம் இல்லாத தரவுக்கு மதிப்பில்லை.

இனி வழிகாட்டி. ஒருவர் போதாது. இஇஜி வாசிக்கத் தெரிந்த வலிப்பு நிபுணர், புள்ளியியலாளர், நீண்டகாலப் பின்தொடர் ஆய்வு நடத்தி முடித்தவர் என்று மூவர் வேண்டும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் ஆர். மாதவன் நாயர் வலிப்பு நோய் மையம் நாகர்கோவிலிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் இருக்கிறது. பெங்களூருவின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் அடுத்தது. உலக வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் (ILAE) இளையோர் பிரிவில் சேர்ந்தால் வெளிநாட்டுத் தொடர்பும் கிடைக்கும்.

“தங்களிடம் கற்க ஆவல்” என்று எழுதும் கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், கையில் இருப்பதையும் கேட்பதையும் எழுதுங்கள்: இத்தனை நோயாளிகளின் சிடி இருக்கிறது, இஇஜி வாசிப்பைச் சரிபார்க்க மாதம் ஒரு மணி நேரம் தர முடியுமா? அவர் சம்மதித்ததும் கட்டுரையில் பெயர் வரிசை, தரவு யார் வசம், எத்தனை நாளில் திருத்தம் தருவார் என்ற மூன்றையும் மின்னஞ்சலிலேயே முடித்துவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் பெயர் வரிசையில்தான் தொடங்கும்.

நிதியைப் படிப்படியாகத் தேடுங்கள். எம்பிபிஎஸ் மாணவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் இரண்டு மாதக் குறுகியகால உதவித்தொகை இருக்கிறது. ஒரு பதிவேட்டைச் சுத்தம் செய்ய அது போதும். முதுநிலை மாணவருக்கு ஆய்வேட்டு நிதி உண்டு. பணியில் இருக்கும் மருத்துவருக்கு ஐசிஎம்ஆர் வெளி நிறுவனத்தாருக்குத் தரும் சிறு கொடையும், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸின் மருத்துவ, பொது சுகாதார ஆய்வு நல்கையும் பொருந்தும். எலிகளில் செய்து பார்ப்பது போன்ற ஆய்வகக் கேள்வி என்றால் மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையின் பிரதமர் இளம் ஆய்வாளர் கொடை: மூன்று ஆண்டுக்கு ரூ.60 லட்சம் வரை.

இந்த நோய்க்கென்றே பணம் ஒதுக்கிவந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வலிப்பு ஆய்வுத் திட்டம். போர்முனைத் தலைக்காயங்களால் அவர்களுக்கு இது சொந்தப் பிரச்சினை. இளம் ஆய்வாளர்களை மூத்தவர்களோடு கோத்துவிடும் மெய்நிகர் மையம் ஒன்றையும் அதன் கீழ் அமைத்தார்கள். நேரடியாக விண்ணப்பிக்க நிறுவனத்துக்கு முதலில் என்கேஜ் (NCAGE) என்ற அடையாளக் குறியீடு, பிறகு அமெரிக்க அரசின் சாம் (SAM) தளத்தில் பதிவு வேண்டும், இவற்றுக்கே வாரக்கணக்கில் ஆகும். இங்கே எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் நிலையையும் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு (HMSC) ஒப்புதலையும் பார்க்க வேண்டும். முதல் முறை அங்குள்ள குழு ஒன்றின் பங்காளியாகச் சேர்வதே நல்லது.

பணம் வந்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. அடுத்த ஆண்டுத் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று, மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (ஜிஎஃப்ஆர்) உள்ள 12-ஏ படிவத்தில், கணக்காளர் கையெழுத்தோடு போக வேண்டும். தாமதமானால் தவணை நிற்கும், கள உதவியாளருக்குச் சம்பளம் நிற்கும், அவர் போனதும் 625 பேரின் தொடர்பும் போகும். நிதியாண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கணக்கை ஒப்பிட்டு வையுங்கள்.

கொடைக்காகக் காத்திராமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: அனுமதி கிடைத்த அன்றே பழைய சிடி ஸ்கேன்களை டைகாம் கோப்பாக (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு வடிவம்) நகலெடுத்துவிடுங்கள். சர்வர் நிறைந்ததும் பழையவற்றை அழித்துவிடுவார்கள். பிறகு மிஞ்சுவது நோயாளி வீட்டில் இருக்கும் ஃபிலிம் மட்டும்தான். நம் ஊர் ஈரத்தில் அது ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், பிரித்தால் படம் உரிந்து வரும். செல்போனில் எடுத்த படத்தில் கன்றலின் பரப்பை அளக்க முடியாது.