கோயில் ஹோர்னை அம்பிளிபையரில் எந்த முனையில் கொழுவுவது?

வைகாசிப் பொங்கலுக்கு எங்கள் ஊர்க் கோயிலில் நாலு ஹோர்ன் கட்டினோம். இரண்டு கோயில் வாசலில், இரண்டு 200 மீற்றர் தள்ளிச் சந்தியில் நிற்கும் பாலை மரத்தில். வாசலில் காது கிழிந்தது, சந்தியில் முனகல்தான் கேட்டது. அரை மணித்தியாலத்தில் அம்பிளிபையரில் இருந்து வார்னிஷ் கருகும் மணம்.

பின்பக்கம் பாருங்கள்: கொம் (COM, பொது முனை), 4, 8, 16 ஓம், அப்புறம் 70, 100 வோல்ட். ஒரு வயர் எப்போதும் கொம்மில். மற்றது எதில் என்பதில்தான் நான் பிழைவிட்டேன். ஒவ்வொரு யூனிட்டிலும் (ஹோர்னின் பின்னால் பூட்டும், சத்தம் எழுப்பும் பகுதி) 16 ஓம் என்று இருந்ததால் 16 முனையில் கொழுவினேன். ஆனால் 16 ஓம் யூனிட் இரண்டைச் சமாந்தரமாகக் கொழுவினால் 8, நாலைக் கொழுவினால் 4. பார்க்க வேண்டியது மொத்த ஓமை. 4 ஓம் சுமையை 16 முனையில் கொடுத்தால் அம்பிளிபையர் வேகும். மறுவளமாக 16 ஓமை 4 முனையில் கொடுத்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். (மல்டிமீற்றர் 16க்குப் பதில் 12, 13 காட்டினால் பயப்பட வேண்டாம், யூனிட்டில் எழுதியிருப்பதை நம்புங்கள்.)

சரி, சந்தியில் ஏன் முனகல்? ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 200 மீற்றர் போய்த் திரும்பி வந்தால் அதுவே ஏறக்குறைய 7 ஓம். அங்கே இருந்த இரண்டு ஹோர்னும் சேர்ந்து 8. அந்தப் பக்கம் போன சக்தியில் கிட்டத்தட்டப் பாதியை வயரே தின்றுவிட்டது.

தூரம் என்றால் 100 வோல்ட் லைன்தான் (கொம்மிலும் 100 முனையிலும் கொழுவும் வயர்), எனக்கு வேறு பேச்சில்லை. ஒவ்வொரு ஹோர்னுக்கும் ஒரு லைன் ட்ரான்ஸ்போமர், அதன் 16 ஓம் பக்கம் யூனிட்டுக்கு, வாட் எழுதிய மறுபக்க முனை லைனுக்கு. இனி ஓம் கணக்கு வேண்டாம், வாட்டைக் கூட்டுங்கள்: 25 வாட்டில் நாலு, 100 வாட். அம்பிளிபையர் 120 வாட் என்றால் தாராளம். 25 வாட் முனை லைனுக்கு 400 ஓமாகத் தெரியும், இரண்டு சேர்ந்தால் 200. அதற்கு முன்னால் வயரின் 7 ஓம் ஒன்றுமேயில்லை. ட்ரான்ஸ்போமர் இல்லாத யூனிட்டை மட்டும் இந்த லைனில் தொடுத்துவிடாதீர்கள், உடனே எரியும். ஓம் முனையையும் 100 முனையையும் ஒரே நேரத்தில் பாவிக்கவும் வேண்டாம். 100 வோல்ட் ஆளையும் அடிக்கும், அம்பிளிபையரை நிறுத்திவிட்டுத்தான் வயர் மூட்டில் கை வைக்க வேண்டும்.

வயர் வாங்கும்போது பிளேட்டால் ஒரு இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்பு பூசிய அலுமினியம், வேண்டாம்.

பிறகு சேர்த்தது: ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி, ட்ரான்ஸ்போமர் போட்டும் சத்தம் கூடவில்லை என்றார். மரத்தில் ஏறப் பஞ்சிப்பட்டு அதை அம்பிளிபையருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அப்படி வைத்தால் நீள வயரில் ஓடுவது பழைய 16 ஓம் லைன்தான் தம்பி. மேலே, ஹோர்னோடு கட்டுங்கள்.