காது ஆபரேஷன் கருவிகள்: தியேட்டரில் நாம் செய்யும் தவறுகள்

காதுக்குள் வேலை செய்யும் கருவிகள் பெரும்பாலும் கழுவும் தொட்டியில்தான் கெடுகின்றன. ஆபரேஷன் முடிந்த களைப்பில், வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கனமான மாஸ்டாய்டு ரிட்ராக்டரோடு, மெல்லிய முனை கொண்ட ரோசன் ஊசியையும் சிக்கிள் கத்தியையும் ஒரே கிண்ணத்தில் போட்டுவிடுகிறோம். முனை மயிரிழை திரும்பினாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போதுதான் ஊசியின் வளைவு வேறு பக்கம் போயிருப்பது தெரியும். இந்த முனைகள் வேலை செய்யும் நடுச்செவியில், அங்கவடி எலும்பின் உயரமே 3 மி.மீ. சொச்சம். அதனால் மைக்ரோ கருவிகளுக்குத் தனி டிரே, முனைக்கு உறை, இரண்டும் கட்டாயம்.

சலைனில் ஊறப்போடாதீர்கள். உப்பு ஸ்டீலைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது சக்‌ஷன் குழாய்தான். வெளியே பளபளக்கும், உள்ளே ரத்தம் காய்ந்திருக்கும். அப்படியே நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் இன்னும் இறுகிக்கொள்ளும். ஆபரேஷன் நடக்கும்போதே அவ்வப்போது சுத்தமான தண்ணீரை உறிஞ்சவிடுங்கள். முடிந்த கையோடு சிரிஞ்சால் பீய்ச்சி, அதன் அளவுக்கான கம்பியை உள்ளே விட்டு எடுங்கள்.

அப்புறம் இந்தக் குழாய்களின் எண் குழப்பம். கேஜ் கணக்கில் எண் கூடினால் குழாய் மெலியும்: 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 24 கேஜ் அரை மி.மீ.க்குச் சற்று மேல். பிரெஞ்சு அளவில் இது தலைகீழ். இரண்டு வகையும் ஒரே டிரேயில் கிடக்கும்! உட்செவியின் வாயை மூடியிருக்கும் அங்கவடியின் அடித்தட்டு திறந்திருக்கும் நேரத்தில் தடித்த குழாய் போனால் உட்செவி நீரை உறிஞ்சிவிடலாம். அப்படிப் போன கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். எண்ணோடு அளவையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். டாக்டர் எரிச்சல்பட்டால் படட்டும்.

முதலை வாய் போன்ற இடுக்கியான குரோக்கடைல் ஃபோர்செப்ஸை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பஞ்சு இழையைக் கவ்வி இழுங்கள். நழுவினால் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியதுதான். மூட்டு இறுக்கமாக இருக்கிறதென்று தையல் மெஷின் எண்ணெய் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி நீராவி போகாது. தண்ணீரில் கரையும் லூப்ரிகன்ட் மட்டும் போதும்.

எலும்பைக் குடையும் டிரில் முனைதான் பர். மழுங்கிய பர்ரை இன்னும் ஒரு கேஸுக்கு என்று வைத்துக்கொள்வதும் தவறு. வெட்டாத பர்ரை டாக்டர் அழுத்துவார், எலும்பு சூடேறும். முக நரம்பைத் தொடாமலே அந்தச் சூடு அதைப் பாதிக்கலாம். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்றும் சிரிஞ்சு காலியாவதற்குள் அடுத்தது நிரம்பித் தயாராக இருக்கட்டும்.