மொரிசியஸில் கோவிலை விட்டு விலகியபின் ஒத்த மனமுள்ளவர்களைக் கண்டடைவது எப்படி

மொரிசியஸில் 'தமிழ்' என்பது மொழியின் பெயராக இருப்பதோடு சமயத்தின் பெயராகவும் வழங்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சமய அட்டவணையில் இந்து, கத்தோலிக்கம், இஸ்லாம் ஆகியவற்றோடு தமிழும் தனி வரியாக நிற்கும். ஒரு குடும்பத்தை 'அவர்கள் தமிழ்' என்று அண்டை வீட்டார் சொன்னால், அவர்கள் வீட்டில் தமிழ் பேசுவதாகப் பொருளில்லை; பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழிதான் பேசுவார்கள். காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பார்கள், தீமிதிப்பார்கள், வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள் என்பதே அதன் பொருள். ஆகவே இங்கே கோவிலை விட்டு விலகுபவர், ஊரார் கணக்கில் தமிழர் என்ற பெயரையும் இழந்துவிடுகிறார். நான் விலகிய ஆண்டில் என் சித்தி கேட்ட முதல் கேள்வியே, "அப்படியானால் இப்போது நீ என்ன, கிறிஸ்தவனாகிவிட்டாயா?" என்பதுதான். எதிலுமில்லை என்று நான் சொன்னதை அவர் ஒரு விடையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

துணை தேடப் புறப்படுமுன், எதை விட்டீர்கள் என்பதை உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடவுள் நம்பிக்கை போய்விட்டதா, சடங்குகள் மட்டும் அலுத்துவிட்டனவா, அல்லது கோவில் சங்கத்து நிர்வாகிகளின் அதிகாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லையா என்பவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். அவற்றுக்கு ஏற்ற கூட்டாளிகளும் வேறு வேறு ஆட்கள். நிர்வாகத்தோடு சண்டையிட்டு வெளியேறிய ஒருவரை ஒத்த கருத்துடையவர் என்று நம்பி ஈராண்டு பழகினேன். மூன்றாம் ஆண்டில் அவர் வேறொரு கோவிலுக்குத் தலைவரானார். அவர் எதையும் மறைக்கவில்லை, நான்தான் கேட்கத் தவறினேன்.

வெளிப்படையாகச் சொல்வதற்கும் காலம் பார்க்க வேண்டும். இங்கே பல குடும்பங்களில் பெற்றோர் தரைத்தளத்திலும், மூத்த மகன் முதல் மாடியிலும், இளையவர் இன்னும் பூச்சு வேலை முடியாத இரண்டாம் மாடியிலுமாக ஒரே வளவில் வாழ்கிறார்கள். வீடோ படிப்புச் செலவோ பெற்றோர் கையில் இருக்கும்வரை அறிவிப்பைத் தள்ளிப்போடுவதில் கோழைத்தனம் எதுவுமில்லை. அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தையும், சமயத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளும் உரிமையையும் காக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் காவடி நாள் காலையில் மாடிப்படியில் எதிர்ப்படும் அம்மாவிடம் அந்தப் பிரிவைச் சொல்லிப் பயனில்லை.

எங்கே தேடுவது என்பதுதான் பெரிய கேள்வி. 'நாத்திகர் சங்கம்' என்ற பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம் என்பது என் அறிவுரை. ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள தீவில், அப்படி ஒரு பலகையின் கீழ் நீங்கள் நின்றால் மாலைக்குள் பெரியப்பாவின் காதுக்குச் செய்தி எட்டிவிடும். வேறொரு வேலைக்காகக் கூடுகிற, வருபவரின் சமயத்தை யாரும் விசாரிக்காத இடங்களுக்குப் போங்கள். 1976 முதல் கிரியோல் மொழியில் முதியோர் எழுத்தறிவுப் பணி செய்துவரும் 'லெதிகாஸ்யோன் பு த்ராவாயேர்' போன்ற அமைப்புகள், தொழிற்சங்கங்கள், ரெதூயி பல்கலைக்கழக மாணவர் கழகங்கள், எக்ரெத் தீவில் செடி நடும் இயற்கைப் பாதுகாப்புப் பணிகள், மலையேற்றக் குழுக்கள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் மூன்று மாதமாவது தொடர்ந்து தலைகாட்டுங்கள். ஒரு முறை போய்விட்டு ஒருவரும் சிக்கவில்லை என்று திரும்பிவிடுவது பயன் தராது.

எனக்கு வழி திறந்தது ஒரு காவடி நாளில். அது பொது விடுமுறை. ஊரே கோவிலில் இருக்கும் வேளையில், 812 மீட்டர் உயர லெ பூஸ் மலைக்குச் செல்லும் கரும்புத் தோட்டத்து வழியில் நான்கு கார்கள் நின்றிருந்தன. பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ள, மலையேற வந்திருந்த நால்வரும் ஒரு பாறை ஓரத்தில் ஒதுங்கினோம். முன்பின் அறியாத ஒரு பெண் செய்தித்தாளில் சுற்றிய காத்தோ பிமான் (பருப்பும் மிளகாயும் சேர்த்த வடை) பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். எண்ணெய் ஊறி எழுத்துகள் மறுபக்கம் தெரிந்தன. "எங்கள் வீட்டுக் கணக்கில் நான் இப்போது காய்ச்சலில் படுத்திருக்கிறேன்" என்றார். நானும் என் அலுவலகத்தில் அவசர வேலை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இருவரும் சிரித்த சிரிப்பில் மற்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த வாரம் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. "நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா?" என்று புதியவரிடம் கேட்காதீர்கள், நம்பாதவர்கூட அச்சத்தில் "நம்புகிறேன்" என்றே சொல்வார். "காவடி விடுமுறையில் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். விடை சொல்லுமுன் வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். பிறகு உங்களைப் பற்றி ஒரு சிறு உண்மையை முதலில் நீங்கள் சொல்லுங்கள். அவர் பதிலுக்கு ஒன்று சொன்னால் மட்டும் அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

கிடைக்கும் வட்டம் தமிழர் மட்டுமே கொண்டதாக இருக்காது. என் வட்டத்தில் கத்தோலிக்கம் விட்டவர்களும் இஸ்லாம் விட்டவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை என்பதை மறக்காதீர்கள். உங்களுக்கு வீட்டில் ஒரு முணுமுணுப்போடு முடிவது, மற்றொருவருக்கு வீட்டைவிட்டு வெளியேறுவதாக முடியலாம். ஆகவே படம் எடுத்தால் பகிராதீர்கள். இன்னார் வந்திருந்தார் என்று வெளியே சொல்லாதீர்கள். இணையத்தில் சொந்தப் பெயரில் தெய்வங்களைக் கேலி செய்து எழுதுவதும் விவேகமன்று: பொது ஒழுக்கத்துக்கும் சமய ஒழுக்கத்துக்கும் எதிரான செயல்களைத் தண்டிக்கும் 206ஆம் பிரிவு இந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. உடனே யாரிடமாவது பேசியாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், சமயத்தை விட்டு விலகுவோருக்குத் துணைநிற்க 2009இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'ரிகவரிங் ஃப்ரம் ரிலிஜன்' அமைப்பை நாடலாம். பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும்.

சமயம், இனம் என்ற எந்தப் பெட்டிக்குள்ளும் அடைபட மறுப்பது இந்தத் தீவுக்குப் புதிதன்று என்பதும் தெரிந்திருக்கட்டும். வேட்பாளர் தம் இனக்குழுவை அறிவித்தே தீர வேண்டும் என்ற தேர்தல் விதியை 'ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தெர்நாதிவ்' இயக்கத்தினர் எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போனார்கள். 1972க்குப் பிறகு கணக்கெடுப்பில் இனக்குழு கேட்கப்படாத நிலையில், அந்தப் பழைய எண்ணிக்கையைக் கொண்டு அறிவிப்பைக் கட்டாயமாக்குவது உரிமை மீறல் என்று அக்குழு 2012இல் கூறியது.

நான்கைந்து பேர் சேர்ந்ததும், மாதத்தில் ஒரு நாளை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டிலும் வேண்டாம். மெட்ரோ நிலையத்துக்கு அருகே, ரோஸ்ஹில்லிலோ கத்ர் போர்னிலோ, தேநீர்க் கடை ஒன்று போதும். சங்கமாகப் பதிவுசெய்யக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும், ஆனால் அதற்கு அவசரப்படாதீர்கள். பதிவு என்றால் பெயர்ப்பட்டியல், பட்டியல் என்றால் அதைப் பார்க்க நான்கு கண்கள். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது: புதிதாக வருபவரை மாட்டிறைச்சி தின்னச் சொல்லிச் சோதிக்கும் வழக்கம் சில வட்டங்களில் இருக்கிறது. விரதச் சோற்றை விட்டவரிடம் வேறொரு விரதத்தைத் திணிப்பதாகவே எனக்கு அது படுகிறது. ஏழு கறிச் சாப்பாடு எனக்கு இன்றும் பிடிக்கும்; அழைத்தால் போய்ச் சாப்பிடுவேன்.

தமிழை விட்டுக்கொடுக்காதீர்கள். மோக்காவில் 1970இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள், மொழிக்காகப் போகலாம். தமிழ்நாட்டில் 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் புரோகிதர் இல்லாத திருமணத்தை வழக்கமாக்கியதையும், 1967இல் அது சட்ட ஏற்புப் பெற்றதையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். கோவிலை விடுவது 'வெள்ளைக்காரப் பழக்கம்' என்ற குற்றச்சாட்டின் பாதி வேகம் அதிலேயே குறையும். இங்கும் குடிநிலைப் பதிவு அலுவலகத்தில் புரோகிதரின்றித் திருமணம் செய்துகொள்ளலாம்.

வட்டத்தின் வலுவைச் சாவு வீட்டில்தான் பார்க்க முடியும். என் மாமா இறந்த இரவில், சடங்குகளில் சேராமல் கார் கொட்டகையில் தனியே நின்றுகொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு வட்டத்திலிருந்து மூவர் வந்தார்கள். ஒருவர் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினார், இருவர் விழித்திருக்கும் கிழவர்களோடு தோமினோ ஆடினார்கள். வந்தவர்கள் யார் என்று சித்தி கேட்டார். நண்பர்கள் என்றேன். மறுநாள் அவர்களுக்கும் சேர்த்தே பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார். உங்கள் சொந்த இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, வட்டத்தில் ஒருவரிடமும் குடும்பத்தில் உங்களுக்கு மிக நெருங்கிய ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். அந்த இருவரையும் ஒருமுறையாவது நேரில் சந்திக்க வைத்துவிடுங்கள்.