டெஸ்டிமோனாவின் கைக்குட்டை: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' பற்றி எழுதும் மாணவர்கள் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "கைக்குட்டை கற்பின் குறியீடு, அதை இயாகோ களங்கப்படுத்துகிறான்." மதிப்பெண் கிடைத்துவிடலாம். ஆனால் நாடகத்தை மறுபடி எடுத்துப் படித்தால் அந்த வரி நிற்காது. கதை இதுதான்: வெனிஸின் கருப்பினத் தளபதி ஒத்தெல்லோ, மனைவி டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த பரிசு அந்தக் கைக்குட்டை. அவனுக்குக் கீழே இருக்கும் இயாகோ, அவளுக்கும் இன்னொரு அதிகாரியான காசியோவுக்கும் கள்ள உறவு என்று பொய் சொல்லி, கைக்குட்டையையே சாட்சியாக்குகிறான். அதை நம்பி ஒத்தெல்லோ மனைவியைக் கொன்றுவிடுகிறான்.

டெஸ்டிமோனா அதைக் கவனமில்லாமல் தொலைத்தாள் என்று எழுதாதீர்கள். மூன்றாம் அங்கத்தில் ஒத்தெல்லோ நெற்றி வலிக்கிறது என்கிறான். அவள் அந்தக் கைக்குட்டையால் கட்டிவிடப் பார்க்கிறாள். இது ரொம்பச் சின்னது என்கிறான் அவன். அங்கேதான் அது கீழே விழுகிறது. எப்போதும் கூடவே வைத்துக்கொண்டு, முத்தமிட்டு, அதோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள். கணவனின் வலியைத் தணிக்கப் போன நேரத்தில் அது கைநழுவியது. இதைச் சொல்லாமல் விட்டால் அந்தக் காட்சியின் வேதனையே போய்விடும்.

இதைவிடப் பெரிய தவறு, அந்தத் துணிக்கு ஒரே ஒரு பொருளை ஒட்டுவது. தன் அம்மாவுக்கு ஒரு எகிப்தியப் பெண் கொடுத்த மாயத்துணி என்று ஒருமுறை சொல்கிறான் ஒத்தெல்லோ. கடைசி அங்கத்தில், அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்கிறான். டெஸ்டிமோனாவுக்கு அது காதல் பரிசு. காசியோவின் கண்ணில் படுவது ஸ்ட்ராபெர்ரி போட்ட அந்தத் தையல் வேலையின் அழகு. அதேபோல் ஒன்று செய்துதரச் சொல்லி தன் காதலி பியாங்காவிடம் கொடுக்கிறான். அவளோ யாரோ ஒருத்தி இவனுக்குக் கொடுத்தது என்று கொதிக்கிறாள். கைக்குக் கை பொருள் மாறுகிறது. இது மனைவியின் கற்புக்குச் சாட்சி, வேறெதுவும் இல்லை என்று ஒத்தெல்லோவை நம்பவைப்பவன் இயாகோ. நாமும் அதையே கட்டுரையில் எழுதினால், அவன் கண்ணால்தான் நாடகத்தைப் படிக்கிறோம்.

அப்புறம், மாசற்றவள் என்றால் வாயில்லாப் பூச்சி என்று எடுத்துக்கொள்வது. வெனிஸ் ஆட்சிமன்றத்தின் முன் நின்று, அப்பாவின் முகத்துக்கு நேரே தன் திருமணத்துக்காகப் பேசியவள் டெஸ்டிமோனா. கைக்குட்டை எங்கே என்று கேட்டபோது, பயந்துபோய், தொலையவில்லை என்று பொய்யும் சொல்கிறாள். அவள் மேல் சுமத்திய பழி பொய். அதற்காக அவளைப் பளிங்குச் சிலையாக்க வேண்டாம்.

வெள்ளை தூய்மை, கருப்பு தீமை என்ற கணக்கும் இங்கே உதவாது. இந்தக் கதையின் கொடியவன் வெள்ளைக்காரன்.

சரி, தீமை முழுவதையும் இயாகோ தலையில் கட்டிவிடலாமா? கீழே விழுந்த துணியை எடுத்து அவனிடம் கொடுத்தவள் அவன் மனைவியும் டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணுமான எமிலியா. எங்கே தொலைத்தேனோ என்று டெஸ்டிமோனா தவித்தபோது, தெரியாதே அம்மா என்று சொன்னவளும் அவள்தான். ஒரு வார்த்தை போதும் என்ற இடத்தில் வாயைத் திறக்கவில்லை. உண்மையை அவள் உடைத்துச் சொல்லும்போது டெஸ்டிமோனா உயிரோடு இல்லை. சொன்னதற்காகக் கணவன் கையால் குத்துப்பட்டு விழுகிறாள். தன் எஜமானியின் பக்கத்தில் கிடத்தச் சொல்லிக் கேட்கிறாள்.