பள்ளி விரிவாக்கத்துக்கு ஒப்புதல்: சூழல் பாதிப்பையும் பொதுநலனையும் எடைபோடும் முறை

பள்ளி ஒன்று புதிய கட்டடம் எழுப்ப அனுமதி கேட்டு வந்தால், எதிர்ப்பவர் கல்விக்கு எதிரி என்றும் ஆதரிப்பவர் மரத்துக்கு எதிரி என்றும் பேச்சு எழுந்துவிடும். முடிவெடுக்கும் குழுவில் இருப்பவர் இந்தச் சண்டைக்குள் சிக்காமலிருக்க, எதை எந்த வரிசையில் தராசில் வைப்பது என்பதை விண்ணப்பத்தைப் பிரிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் உறுதிசெய்ய வேண்டியது இன்றைய நிலை. 800 மாணவருக்கு அனுமதி பெற்ற பள்ளியில் இப்போது 600 பேர்தான் படிக்கிறார்கள், அதை 900 ஆக்கக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 100 பேர்தான் என்று விண்ணப்பம் சொல்லும். ஆனால் தெருவில் கூடப்போவது 300 பேர். காகிதத்தில் உள்ள எண்ணை விட்டு, தரையில் உள்ள எண்ணிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பாதிப்பையும் அது உறைக்கும் இடத்திலும் நேரத்திலும் அளக்க வேண்டும். பள்ளிப் போக்குவரத்தை நாள் சராசரியில் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும். காலையில் மணியடிப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் வாயிலருகே நின்று எண்ணினால்தான் உண்மை விளங்கும். ஒலியிலும் இத்தகைய ஏமாற்றம் உண்டு. சாலையில் வாகனங்கள் இரட்டிப்பானாலும் சராசரி ஒலி ஏறத்தாழ 3 டெசிபல்தான் உயரும் என்பதால் அறிக்கை அதைச் சிறியதாகக் காட்டிவிடும். ஆனால் ஒலி எழும் இடத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் உள்ள தொலைவு பாதியாகக் குறைந்தால் அந்த வீட்டில் கேட்பது சுமார் 6 டெசிபல் கூடும். ஆகவே விளையாட்டுத் திடல் எந்த மதிலை நோக்கி நகர்கிறது என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். கட்டுமான இரைச்சலின் முதல் பாதிப்பு பெரும்பாலும் அதே பள்ளியின் மாணவர்களுக்குத்தான்: வகுப்பறையில் பாடநேரப் பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார அமைப்பின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

நீர்க் கணக்கை எவரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 2,000 சதுர மீட்டர் மண் தரை கூரையாகவும் சிமென்ட் தளமாகவும் மாறினால், 50 மில்லிமீட்டர் மழையில் அதன்மேல் விழும் ஒரு லட்சம் லிட்டரில் முன்பு மண் உறிஞ்சிய பங்கு இனி வடிகாலுக்குப் போகும். மரங்களைப் பொறுத்தவரை, வெட்டும் ஒன்றுக்குப் பத்து கன்றுகள் என்ற வாக்குறுதியை அப்படியே ஏற்கக் கூடாது. முதிர்ந்த மரத்தின் நிழலைத் தரக் கன்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவும் பிழைத்தால்.

இவ்வளவும் அளந்த பிறகும் பொதுநலனைப் பற்றிப் பேசத் தொடங்கக் கூடாது. பல குழுக்கள் தவறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். பாதிப்பைத் தவிர்க்க முடியுமா, முடியாவிட்டால் குறைக்க முடியுமா, பிறகு சீர்செய்ய முடியுமா, எதுவும் இயலாதபோது ஈடுசெய்ய முடியுமா என்று அந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். மண்ணில் பரப்பாமல் பழைய கட்டடத்தின்மேல் ஒரு மாடி எழுப்பலாமா, வகுப்புகளுக்குத் தொடக்க நேரத்தை மாற்றி வைக்கலாமா, வாயிலை வேறு தெருவுக்கு நகர்த்தலாமா? இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பின் எஞ்சும் பாதிப்பே தராசில் ஏற வேண்டியது.

மறுதட்டில், இந்த விரிவாக்கத்தால் மட்டுமே கிடைக்கும் நன்மையை வைக்க வேண்டும். கல்வி நல்லது என்பது நன்மைக் கணக்கு ஆகாது. இடம் கிடைக்காத குழந்தைகள் இப்போது தொலைதூரப் பள்ளிக்குப் போகிறார்கள் என்றால், குறையும் அந்தப் பயணமும் நன்மையே. அருகிலுள்ள வேறு பள்ளியில் இடங்கள் காலியாக இருந்தால் நன்மையின் எடை குறையும். புதிய அரங்கம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் என்பது எழுத்துப்பூர்வ ஒப்பந்தமாக இல்லாதவரை, அது பள்ளியின் சொந்த வசதி மட்டுமே. நன்மை ஊர் முழுக்கப் பரவ, தொல்லை வாயிலருகே உள்ள சில வீடுகள்மீது விழுவதே வழக்கம் என்பதால், தலைகளை எண்ணி முடிவெடுப்பது நியாயமாகாது.

முடிவு எதுவானாலும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1970இல் வந்த சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி, தணிக்க முடியாத பெரும் பாதிப்பு எஞ்சும் திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கும் அமைப்பு, எந்த நன்மைகள் அதைவிட மேலானவை என்பதைச் சான்றுகளுடன் எழுதி வைக்க வேண்டும். அத்தகைய கட்டாயம் இல்லாத இடத்திலும் இதைப் பின்பற்றுவது நல்லது, ஏனெனில் எழுத உட்காரும்போதுதான் வாதத்தின் ஓட்டை தெரியும்.

நிபந்தனைகள் அளக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். “நெரிசலைக் குறைக்கப் பள்ளி முயலும்” என்பது நிபந்தனை அல்ல. மாணவர் எண்ணிக்கையைக் கட்டம் கட்டமாகவே உயர்த்தலாம், காலை அரைமணியில் வரும் வாகனங்கள் குறித்த எண்ணைத் தாண்டினால் அடுத்த கட்டச் சேர்க்கை நிறுத்தப்படும், எண்ணுபவர் பள்ளியைச் சாராதவராக இருப்பார், செலவைப் பள்ளி ஏற்கும் என்று ஆணையிலேயே எழுத வேண்டும்.