தொண்டை வலிக்குப் பின் கழுத்து ஒரு பக்கம் வீங்கினால்

சாதாரணத் தொண்டை வலி ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்குவதுபோல் இருந்து, பிறகு உடலைத் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சலும் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வலி, வீக்கமும் வந்தால் லெமியேர் நோயைச் சந்தேகியுங்கள். அரிதுதான், ஆனால் ஆரோக்கியமான இளவயதினரையே அதிகம் தாக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் ஃபூசோபாக்டீரியம் கிருமி, கழுத்துச் சிரையில் ரத்தத்தை உறையவைக்கும். அந்த உறைவின் துணுக்குகள் நுரையீரலில் சிக்கினால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்.

அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வீக்கத்தைத் தேய்க்காதீர்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) எடுப்பது நல்லது. உறைவு கான்ட்ராஸ்ட் சி.டி. ஸ்கேனில் (ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய மருந்து செலுத்தி எடுப்பது) தெரியும். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டும் நம்பக்கூடாது. பெரும்பாலும் பென்சிலின் வகை மருந்தோடு மெட்ரோனிடசோல், 3 முதல் 6 வாரம். காய்ச்சல் சட்டென விடாது. அதற்காக மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எல்லோருக்கும் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்தில்லை.